கம்ப்யூட்டர் மொய் சர்வீஸ்: எட்டு மாதம் கழித்து எழுதும் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 5-க்கு மூன்றரை. மீதி ஒன்றரை எங்கே போனது என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம். வாடகையும் வசதியும் தெரிந்தால் போதும் என்பவர்கள் அடுத்த மூன்று பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போன தை மாதம் எங்கள் வீட்டில் காதணி விழா. பெரியவளுக்கும் சின்னவனுக்கும் சேர்த்து ஒரே மண்டபம், ஒரே செலவு. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் விசேஷங்களில் பந்திக்கு அடுத்தபடியாகக் கூட்டம் நிற்பது மொய் மேசை முன்னால்தான். இதுவரை அந்த மேசையில் உட்கார்ந்தவர் பெரியப்பா. நீள நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி, பணம் போட ஒரு எவர்சில்வர் சட்டி, அவ்வளவுதான் ஏற்பாடு. இப்போது அவருக்கு வயது 76, கை நடுங்குகிறது, 8 எழுதினால் 3 மாதிரி விழுகிறது. அதனால் இந்தத் தடவை வெளியாள் வைத்தோம். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. நடந்த குளறுபடியில் பாதி எங்கள் மேல்தான், சின்ன முதலீட்டில் தொழில் செய்கிறவர் பிழைப்பில் மண் போட மனசில்லை. தவிர, இந்தப் பக்கம் எல்லாருமே ஏறக்குறைய ஒரே மாதிரி சாஃப்ட்வேர்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு மேசைக்கு 8,000 ரூபாய். மேசைக்கு ஒரு லேப்டாப், ஒரு ரசீது பிரிண்டர், ஒரு டைப் அடிக்கும் பையன், ஒரு பணம் வாங்கும் ஆள். இரண்டுக்கும் பொதுவாக நோட்டு எண்ணும் மெஷின். கள்ள நோட்டு வந்தால் அதுவே கத்தும் (எங்களுக்கு ஒன்று வந்தது, 500 ரூபாய், யாருடையது என்பதைப் பெரியப்பா கடைசிவரை சொல்லவிட மாட்டேன் என்றுவிட்டார்). வருகிறவர் ஊரைச் சொன்னதும் பையன் முதல் இரண்டு எழுத்தைத் தட்டுவான், ஊர் பெயர் தானாக வரும், பிறகு பெயர், தொழில், தொகை. தட்டினால் சீட்டு வெளியே வரும், பிள்ளைகள் பெயர், தேதி, தொகை, கீழே 'வருகைக்கு நன்றி'. நம்பர் கொடுத்தால் போனுக்குக் குறுஞ்செய்தியும் போகும். ஜிபே செய்கிறவர்களுக்கு மேசையில் க்யூஆர் அட்டை. 2021-ல் மதுரைக் கல்யாணம் ஒன்றில் பத்திரிகையிலேயே க்யூஆர் அச்சடித்தது ஊரெல்லாம் சுற்றி வந்தது நினைவிருக்கும், இப்போது அது சாதாரணம்.

வேகம் அபாரம். 640 பேர், மதியம் இரண்டு மணிக்குள் முடிந்தது. நான்கு மணிக்குக் கணக்கு கையில் வந்துவிட்டது, கையிருப்புக்கும் கணக்குக்கும் ஒரு ரூபாய் வித்தியாசமில்லை. முன்பெல்லாம் ராத்திரி பத்து மணிவரை மூன்று பேர் உட்கார்ந்து எண்ணி, 340 ரூபாய் இடிக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டு, சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். மறுவாரம் ஊர்வாரியாக அகரவரிசையில் அச்சடித்த புத்தகம் இரண்டு பிரதி, ஒரு பென்டிரைவ், போனில் தேடிப் பார்க்க ஒரு ஆப். அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது பழைய நோட்டைப் பரணிலிருந்து இறக்கிக் கரப்பான் தட்டிப் பார்க்கிற வேலை இனி இல்லை. இந்த வேகத்துக்கும் சுத்தத்துக்கும் மட்டும் மார்க் போடுவதென்றால் ஐந்துக்கு ஐந்து.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றும் தோன்றியது. மனிதன் எழுதப் பழகியதே கணக்குக்குத்தான். மெசபடோமியாவின் உருக் நகரத்தில் 5,000 வருடத்துக்கு முந்தைய களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் கவிதையும் இல்லை, ராஜா கதையும் இல்லை, இத்தனை மூட்டை பார்லி, இத்தனை ஆடு என்ற வரவு செலவுதான். ராபின் டன்பார் என்ற மானிடவியலாளர், குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, ஒரு மனிதனால் நெருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது சுமார் 150 பேரைத்தான் என்று 1990-களில் ஒரு கணக்குச் சொன்னார். அந்த எண்ணின் மேல் சண்டை இருக்கிறது, இருக்கட்டும். 640 பேரில் யார் எப்போது எவ்வளவு செய்தார் என்பதைத் தலையில் வைத்திருக்க முடியாது என்பதற்கு ஆராய்ச்சி எதற்கு? நோட்டு வேண்டும். நோட்டுக்குப் பதில் லேப்டாப், அதில் எனக்குப் புகார் இல்லை.

புகார் சித்திரையில் ஆரம்பித்தது.

எங்கள் சொந்தத்தில் பாண்டி என்ற பெயர் வேப்பங்கொட்டை மாதிரி, குனிந்தால் ஒன்று கிடைக்கும். ஒரே ஊரில் இரண்டு பாண்டி, இரண்டு பேருக்கும் ஒரே இனிஷியல், இரண்டு பேரும் விவசாயம். ஊரில் அவர்களை மீசை பாண்டி, ரைஸ்மில் பாண்டி என்றுதான் பிரிப்போம். ரைஸ்மில் பாண்டி (மில்லில் வேலை பார்த்தது அவருடைய தாத்தா, பெயர் இவருக்கு ஒட்டிக்கொண்டது) எங்களுக்குச் செய்தது 2,000. மீசை பாண்டி 500. பையன் இரண்டு எழுத்து தட்டினான், லிஸ்ட்டில் ஏற்கெனவே இருந்த பாண்டி மேலே வந்தான், அதையே அமுக்கிவிட்டான். இரண்டு தொகையும் ஆள் மாறிப் போனது. பெரியப்பா எழுதியிருந்தால் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துப் பட்டப்பெயரோடு எழுதியிருப்பார்.

சித்திரையில் ரைஸ்மில் பாண்டி மகளுக்குச் சடங்கு. ஆப்பைப் பார்த்தோம், 500 என்றது. தாராளமாக இருப்போமே என்று இரட்டிப்பாக 1,000 செய்துவிட்டு, பெருமையாகச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். 2,000 செய்தவருக்கு 1,000. வாங்கிய மொய்க்குக் கொஞ்சம் கூடச் செய்தால் உறவு தொடர்கிறது என்று அர்த்தம். வாங்கியதை அப்படியே திருப்பினால் கணக்கை முடித்துக்கொண்டான் என்று அர்த்தம். குறைத்துச் செய்தால்? அது முகத்தில் அடிப்பது. அவர் கையில் ஆதாரம் இருந்திருக்க வேண்டும், சீட்டு இருந்ததே. ஆனால் அது சூடுபட்டு எழுத்து விழுகிற பேப்பர். அடுப்படிக்குப் பக்கத்தில் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார்கள், மூன்று மாதத்தில் வெள்ளைத் தாள். இதுதான் நான் வெட்டிய முதல் அரை மார்க். 8,000 வாங்குகிறவர்கள் ரசீதுக்கு நல்ல பேப்பர் போடக்கூடாதா?

இந்த இடத்தில் கொஞ்சம் தடம் மாறுகிறேன், எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பைத்தியம் உண்டு.

1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஆக்சல்ராட் என்பவர் கம்ப்யூட்டர் நிரல்களுக்கு ஒரு போட்டி வைத்தார். இரண்டு இரண்டு பேராகத் திரும்பத் திரும்ப மோத வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைக்கலாம், ஏமாற்றலாம். எதிராளி ஒத்துழைக்கும்போது நீ ஏமாற்றினால் உனக்குக் கொள்ளை லாபம், இரண்டு பேரும் ஏமாற்றினால் இரண்டு பேருக்கும் நஷ்டம். முதல் போட்டிக்கு 14 நிரல் வந்தது, இரண்டாவதற்கு 62. தந்திரமான நிரலெல்லாம் இருந்தும் இரண்டிலும் ஜெயித்தது இருந்ததிலேயே சின்னது, அனடோல் ராபோபோர்ட் அனுப்பியது. அதன் மூளை இவ்வளவுதான்: முதல் தடவை நல்லபடியாக நட, பிறகு அவன் போன தடவை என்ன செய்தானோ அதையே செய். அதாவது மொய். வேடிக்கை என்னவென்றால் அது எந்த ஒரு ஆட்டத்திலும் எதிராளியைவிடக் கூடுதல் புள்ளி எடுத்ததே இல்லை. எல்லாரோடும் ஓரளவு நன்றாக வாழ்ந்து, மொத்தக் கணக்கில் முதலாவது வந்தது.

ஆனால் அதற்கு ஒரு வியாதி உண்டு. நடுவில் ஒரே ஒரு தவறு நுழைந்தால் போதும், கை தவறியோ காது தவறியோ, இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருப்பார்கள், யார் ஆரம்பித்தது என்றே தெரியாமல். 1992-ல் மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்முண்டும் தவறு நடக்கக்கூடிய உலகத்தில் இதை ஓட்டிப் பார்த்தார்கள். அங்கே நிலைத்து நின்றது கொஞ்சம் இளகிய ரகம். நல்லதுக்கு எப்போதும் நல்லது செய்யும், கெட்டதுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எப்போது விடும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் யாரும் அதை ஏமாளியாக்கவும் முடியாது.

இதெல்லாம் கம்ப்யூட்டர் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்கலாம். அப்படியானால் வௌவாலுக்கு வாருங்கள். இரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துவிடும். வேட்டை கிடைக்காமல் திரும்பிய வௌவாலுக்கு, குடித்துவிட்டு வந்தது தன் வயிற்றிலிருந்து கக்கி ஊட்டும். கோஸ்டாரிகாவில் மரப்பொந்துகளில் ஜெரால்ட் வில்கின்சன் இதைப் பார்த்து 1984-ல் எழுதினார். அதற்கு 13 வருடம் முன்பே, சொந்த இரத்தம் இல்லாதவர்களுக்குள்ளும் உதவி எப்படி நிலைக்கும் என்று ராபர்ட் டிரைவர்ஸ் சொல்லியிருந்தார்: திரும்பச் சந்திக்க வாய்ப்பு, ஆளை அடையாளம் தெரிய வேண்டும், ஏமாற்றுகிறவனை ஒதுக்கத் தெரிய வேண்டும். நன்றி, குற்ற உணர்ச்சி, ஏமாற்றுகிறவன் மேல் வரும் ஆத்திரம், இவையெல்லாம் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் காப்பாற்ற வளர்ந்தவை என்பது அவர் கட்சி. பிற்பாடு ஜெரால்ட் கார்ட்டர் வேறு வேறு இடத்து வௌவால்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார். எடுத்த எடுப்பில் யாரும் இரத்தம் ஊட்டவில்லை. முதலில் உடம்பை நக்கிச் சுத்தம் செய்தன, அது கொஞ்ச நாள் ஓடிய பிறகுதான் சில ஜோடிகள் ஊட்டுவதற்குப் போயின. புதுச் சம்பந்தியிடம் முதல் விசேஷத்துக்கு 101, அடுத்ததற்கு 501 என்று நாம் ஏற்றுவதில்லையா, அதேதான்.

சரி, பாண்டிக்கு வருகிறேன். ஆவணியில் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். வரமாட்டார் என்றுதான் நினைத்தோம், ஏனென்றால் நடுவில் ஒரு கிடா வெட்டுக்கு வரவில்லை, கூப்பிட்ட போனையும் எடுக்கவில்லை. வந்தார். 501 செய்தார். பெரியப்பா மேசைக்குப் பக்கத்தில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார், தொகையைக் கேட்டதும் நிமிர்ந்தார். 'என்ன பாண்டி, கை சுருங்கிப்போச்சு?' 'நீங்கதானே மாமா சுருக்குனீங்க.' பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு பாண்டியையும் எதிர் எதிரே உட்கார வைத்து, காபி கொடுத்து, திருத்தி எழுதினோம். கோபம் இருந்தும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். 'உங்க பக்கம் ஏதாவது தப்பு நடந்திருக்கும்னு தோணுச்சு மாப்பிள, இன்னொரு தடவை பார்ப்போம்னு வந்தேன்.' நோவாக்கையும் சிக்முண்டையும் அவர் படித்ததில்லை.

அடுத்த அரை மார்க் வெட்டு டிவிக்கு. மேசைக்கு மேலே ஒரு பெரிய டிவி மாட்டி, மொய் செய்தவர் பெயரும் தொகையும் ஓட விடுகிறார்கள். தனியாகப் பணமில்லை, பேக்கேஜில் சேர்த்தி. எங்கள் பக்கம் மைக்கில் வாசிப்பது பழைய வழக்கம்தான், ஆனால் அது தாய்மாமன் சீருக்கும் பெரிய மொய்க்கும் மட்டும். இது எல்லாருக்கும். பார்க்கிறார்கள் என்றால் மனிதன் மாறுவான், அது மெய். யார் யாருக்கு உதவினார் என்பதை மூன்றாவது ஆள் கவனிப்பதே ஒத்துழைப்பை வளர்க்கும் என்று அதே நோவாக், சிக்முண்ட் ஜோடி 1998-ல் காட்டியது. 2006-ல் இங்கிலாந்தில் நியூகாசிலில், காபிக்குத் தாமாகவே காசு போடும் பெட்டிக்கு மேல் ஒரு ஜோடிக் கண் படத்தை ஒட்டி வைத்தபோது, பூ படம் ஒட்டிய வாரங்களைவிட மூன்று மடங்கு அளவுக்குக் காசு விழுந்தது. பின்னால் நடந்த பல சோதனைகளில் அது அப்படிக் கிடைக்கவில்லை, அதனால் கண் படத்தை நம்பிக் கடை போடாதீர்கள். எங்கள் டிவியில் இருந்தது படமல்ல, 640 நிஜ ஜோடிக் கண். வரிசையில் நின்ற ஒருவர் முன்னால் ஓடிய 5,000-ஐப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து இன்னொரு 500 எடுத்துச் சேர்த்ததை நானே பார்த்தேன். வசூலுக்கு நல்லது. ஆனால் பெரியம்மா வழியில் ஒரு அக்கா, அறுப்புக் கூலி வேலை, வரிசையில் பாதிவரை வந்து டிவியைப் பார்த்துவிட்டு நழுவிப் போய்விட்டார். சாயங்காலம் பின்வாசலில் வந்து என் மனைவி கையில் 100 ரூபாயைச் சுருட்டி வைத்தார். சாப்பிடாமலே போயிருக்கிறார். நீங்கள் இந்த சர்வீஸ் எடுத்தால் முதல் வேலையாக அந்த டிவியைக் கழற்றச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன விஷயம், விமர்சனத்துக்குச் சம்பந்தமில்லை. டைப் அடித்த பையனின் ரசீது உருளை கீழே விழுந்து உருண்டபோது, அன்றைக்குத்தான் காது குத்தி அழுது ஓய்ந்திருந்த எங்கள் சின்னவன் தத்தித் தத்திப் போய் எடுத்து நீட்டினான். வயது ஒன்றரை. இதே வயதுக் குழந்தைகளை வைத்து ஜெர்மனியில் பெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006-ல் சோதனை செய்தார்கள். கைக்கு எட்டாமல் கிளிப்பைத் தவறவிட்ட முன்பின் தெரியாத ஆளுக்கு, யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தன. இரண்டு வருடம் கழித்துச் செய்த இன்னொரு சோதனையில், உதவிக்குப் பரிசுப் பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள் அடுத்தடுத்து உதவுவது குறைந்தது. நான் பிஸ்கட் எடுக்கப் போன கையை மடக்கிக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அதற்குள் பையன் அவனுக்கு சாக்லேட் கொடுத்துவிட்டான்.

மீதி அரை மார்க்குக்கான காரணம்தான் எனக்கு முக்கியம். விசேஷம் முடிந்து பெரியப்பாவின் பழைய நோட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னோம், பக்கத்துக்கு இவ்வளவு என்று தனி ரேட். கொடுப்பதற்கு முன் புரட்டினேன். தொகைக்குப் பக்கத்தில் ஓரமாக, பென்சிலில், சின்ன எழுத்தில் என்னென்னவோ இருக்கிறது. 'மழை இல்லை.' 'கேட்க வேண்டாம்.' 'மாடு செத்த வருசம்.' 'மகன் ஆஸ்பத்திரியில்.' ஒரு பக்கத்தில் தொகையே இல்லை, பெயருக்கு நேராக 'வந்தார்' என்று மட்டும். கேட்டால், அது திரும்ப எதிர்பார்க்கக் கூடாத கணக்கு என்றார். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் செய்ய வேண்டும், அவர்கள் குறைத்துச் செய்தால் நாம் குறைக்கக் கூடாது. புதுப் புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை. ஊர், பெயர், தொழில், தொகை, அதோடு முடிந்தது. ஆப்பில் 'பாக்கி' என்று சிவப்பில் ஒரு பட்டியல் வேறு தானாக வருகிறது, யார் யார் நமக்குத் திரும்பச் செய்யவில்லை என்று.

ஆப்பிரிக்காவில் கலகாரிப் பாலையில் ஜுஹோன்சி மக்களிடம் இதுபோல் ஒரு பரிசுப் பரிமாற்றம் உண்டு, மணிமாலை, அம்பு, போர்வை என்று கொடுத்து வாங்குவது. பாலி வீஸ்னர் பல வருடம் அங்கே இருந்து பார்த்தார். கைமாறு உடனே வந்துவிடக் கூடாது, வருடக்கணக்கில் இழுக்கலாம், மதிப்புச் சரிசமமாக இருக்க வேண்டியதும் இல்லை. ஏனென்றால் பொருள் அங்கே சாக்குதான். தன் பக்கம் மழை பொய்த்தால் 100, 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கூட்டாளி ஊரில் போய்த் தங்கித் தின்று பிழைக்கலாம், அந்த உரிமைக்கான சந்தா அது. தூரம் முக்கியம், பக்கத்திலேயே இருக்கிற கூட்டாளிக்கும் அதே மழைதான் பொய்த்திருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் வடகாடு, கீரமங்கலம், தஞ்சாவூர் பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்து கேள்விப்பட்டிருப்பீர்கள், கறிச்சோறு போட்டு லட்சக்கணக்கில் மொய் சேர்த்து அதில் கிணறு வெட்டுவதும் கடை வைப்பதும் உண்டு, வட்டியில்லாக் கடன் மாதிரி. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் தென்னைகளைச் சாய்த்தபோது அங்கே கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவர் எல்லாருக்கும் ஒரே நாளில் தோப்பு போனது, மொய் விருந்தும் ஆட்டம் கண்டது. அப்படி ஒரு வருடத்தில் சிவப்புப் பட்டியல் என்ன காட்டும்? எல்லாரையும் காட்டும்.

எனவே கடைக்காரருக்குப் போன் செய்தேன். தம்பி, 'குறிப்பு' என்று ஒரு கட்டம் சேர்க்க முடியுமா, அப்புறம் அந்தச் சிவப்புப் பட்டியலை எடுத்துவிட முடியுமா? சாஃப்ட்வேர் தங்களுடையது இல்லை, வாங்கியது, கட்டம் சேர்க்க முடியாது என்றார். பட்டியலை ஆப்பின் செட்டிங்ஸில் போய் மறைக்கலாம், மறைத்துவிட்டேன். அவர்கள் லேப்டாப்பில் நம் சொந்தக்காரர்களின் போன் நம்பரும் தொகையும் எவ்வளவு நாள் இருக்கும் என்றும் கேட்டேன். அழித்துவிடுவோம் என்றார், எப்போது என்று சொல்லவில்லை. நீங்கள் பேசி முடிக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பட்டப்பெயர் போடச் சொல்லுங்கள், நம் ஆள் ஒருவரைப் பையன் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்த மூன்றும் செய்தால் தாராளமாக எடுக்கலாம், அடுத்த விசேஷத்துக்கு நாங்களும் இவர்களைத்தான் கூப்பிடப்போகிறோம்.

போனை வைக்கப்போன நேரத்தில் கடைக்காரரே ஒரு வழி சொன்னார். 'தொழில்' கட்டம் பாதிப் பேருக்குக் காலியாத்தான் அண்ணே கிடக்கு, அதுல என்ன வேணாலும் அடிக்கலாம். அப்படியே ஏற்றித் தந்துவிட்டார். போன வாரம் புத்தகம் வந்தது. அகரவரிசை, பளபளப்பான அட்டை. ஊர், பெயர், தொழில், தொகை. கருமாத்தூர் பக்கத்து மாமா ஒருவருக்குத் தொழில், மாடு செத்த வருசம்.